விமான நிலையம் இருக்கிறது, விமானம் நிலைக்குமா?

சேலத்திலிருந்து சுமார் 20 கிலோ மீட்டர் தூரத்தில், ஓமலூர் பக்கம், காமலாபுரம் என்று ஒரு கிராமம் இருக்கிறது. பெங்களூர் சாலையில் போகிறவர்களுக்கு அந்த ஊர் தெரியும். அங்கேதான் சேலம் விமான நிலையம் இருக்கிறது.

நிலையம் திறந்தது 1993-ல். இன்று நேற்று வந்த நிலையம் அல்ல. ஆனாலும் சேலத்துக்காரர் ஒருவரிடம், "உங்கள் ஊரிலிருந்து விமானம் போகிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். உடனே பதில் வராது. கொஞ்சம் யோசிப்பார். "இப்போது போகிறது என்றுதான் நினைக்கிறேன்" என்பார்.

"நினைக்கிறேன்" என்ற அந்த ஒரு சொல்லில்தான் சேலம் விமான நிலையத்தின் சங்கடம் முழுவதும் அடங்கி இருக்கிறது.

நாலு பிறவி

இந்த நிலையத்துக்கு இதுவரை நாலு பிறவி.

முதல் பிறவி 1993-ல். என்.இ.பி.சி. என்ற கம்பெனி விமானம் விட்டது. அது நீடிக்கவில்லை. விமானம் நின்றது. ஓடுபாதை மட்டும் மிஞ்சியது.

இரண்டாவது பிறவி 2009-ல். கிங்பிஷர் கம்பெனி சென்னைக்கு விமானம் விட்டது. 2011-ல் அதுவும் நின்றது. அடுத்த ஆண்டு அந்தக் கம்பெனியே முடங்கியது.

மூன்றாவது பிறவி 2018 மார்ச்சில். ட்ரூஜெட் என்ற கம்பெனி வந்தது. சென்னைக்குப் பறந்தது. கொரோனா வந்தபோது இடையில் நின்று, பிறகு மறுபடி பறந்தது. 2021-ல் அதுவும் போயிற்று.

நாலாவது பிறவி 2023 அக்டோபரில். அலையன்ஸ் ஏர், இண்டிகோ என்று இரண்டு கம்பெனிகள் வந்தன. சென்னை, பெங்களூர், ஐதராபாத், கொச்சி என்று நாலு ஊர்ப் பெயர்கள் பலகையில் ஏறின.

1993 முதல் 2023 வரை 30 ஆண்டு. அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு காலம் பிரயாணிகள் விமானம் எதுவும் இங்கே வரவில்லை. நிலையத்தைப் பெருக்கித் துடைத்து, காவல் போட்டு, விளக்குப் போட்டு வைத்திருந்தார்கள். கல்யாணப் பந்தல் போட்டு, மாப்பிள்ளை வராத கதைதான்!

"சேலத்தில் விமானத்தில் போக ஆள் இல்லை. அதனால்தான் நிற்கிறது" என்று சிலர் சொல்கிறார்கள். நான் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். போனது பிரயாணிகள் அல்ல, கம்பெனிகள். என்.இ.பி.சி. மூடிக்கொண்டது. கிங்பிஷர் மூடிக்கொண்டது. ட்ரூஜெட்டும் பறப்பதை நிறுத்திக்கொண்டது. சேலத்தில் மட்டும் அல்ல, எல்லா ஊர்களிலும் அவை நின்றன. கடைக்காரர் கடையை மூடிக்கொண்டு போனால், தெருவில் சாமான் வாங்க ஆள் இல்லை என்று சொல்லலாமா?

ஊர் சின்ன ஊரா?

சேலம் சின்ன ஊர் அல்ல. இரும்பாலை இருக்கிறது. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கடைகள் இருக்கின்றன. வடநாட்டுப் பெண்கள் காலில் கட்டும் கொலுசில் சேலத்துக் கொலுசும் உண்டு. ஜவ்வரிசி வியாபாரம் இருக்கிறது. இளம்பிள்ளைச் சேலை இருக்கிறது. மாம்பழத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை.

சுற்றுப்புறத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாமக்கல்லில் லாரியும் முட்டையும். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் வண்டிகள். அவை இந்தியாவின் மூலை முடுக்கெல்லாம் போகின்றன. தர்மபுரி, மேட்டூர், எடப்பாடி, சங்ககிரி எல்லாம் பக்கத்தில்தான். ஏற்காடு மலை தலைக்கு மேலே நிற்கிறது.

ஆகவே, ஆள் உண்டு, வேலை உண்டு, பணமும் உண்டு. பிறகு ஏன் தடுமாற்றம்?

பஸ் முதலாளிக்குத் தெரிந்த கணக்கு

சேலத்துக்கு வந்துபோக ஏற்றது ஏ.டி.ஆர். என்ற விமானம். இரண்டு பக்கமும் பங்கா சுழலும். சுமார் 70 முதல் 78 பேர் வரை உட்காரலாம். பெரிய ஜெட் விமானத்தைவிட எரிபொருள் குறைவாகக் குடிக்கும். நீளமான ஓடுபாதையும் கேட்காது. சேலத்து ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர், அதாவது 6,000 அடி. ஏ.டி.ஆருக்கு அது தாராளம்.

இந்த விமானம் 78 பேரோடு பறந்தாலும் 20 பேரோடு பறந்தாலும் செலவு பெரும்பாலும் ஒன்றுதான். விமானிக்குச் சம்பளம் குறையாது. விமானத்தின் வாடகை குறையாது. எண்ணெய்ச் செலவில் கொஞ்சம் மிச்சமாகும், அவ்வளவுதான். டவுன் பஸ் முதலாளிக்குத் தெரிந்த கணக்கு இது. பஸ்ஸாக இருந்தால் வழியில் கை காட்டுகிறவர்களை ஏற்றிக்கொள்ளலாம். ஆகாயத்தில் யார் கை காட்டுவார்கள்?

ஆரம்பத்தில் ஆசனங்கள் நிரம்ப நாளாகும். அந்த நாட்களைத் தாண்டத்தான் மத்திய அரசாங்கம் 2016-ல் "உடான்" என்று ஒரு திட்டம் போட்டது. உடான் என்ற இந்திச் சொல்லுக்குப் பறத்தல் என்று பொருள். சின்ன ஊர்களுக்கு விமானம் விடும் கம்பெனிக்கு 3 ஆண்டுவரை நஷ்டத்தை ஈடுகட்டப் பணம் கிடைக்கும். அதற்குப் பதிலாக, ஏறக்குறைய பாதி ஆசனங்களைக் குறைந்த கட்டணத்தில் விற்க வேண்டும். ஒரு மணி நேரப் பிரயாணத்துக்கு 2,500 ரூபாய் என்ற அளவில் திட்டம் தொடங்கியது.

அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? பெரும்பங்கு, பெரிய ஊர்களுக்கிடையே பறக்கும் விமானங்களிடம் வாங்கும் தீர்வையிலிருந்து வருகிறது. நம்முடையது போன்ற மாநிலங்களில் 20 சதவீதத்தை மாநில அரசாங்கம் கொடுக்க வேண்டும். அது நம் வரிப்பணம். விமானத்தையே பார்க்காத பாட்டி வாங்கும் சோப்புக் கட்டியிலும் அதற்கு ஒரு துளி போகிறது. ஆகவே இந்தக் கணக்கைக் கேட்க எல்லாருக்கும் உரிமை உண்டு.

கணக்கைக் கேட்டால் மனம் கொஞ்சம் கலங்கும். மத்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவர் 2023-ல் ஓர் அறிக்கை கொடுத்தார். திட்டத்தின் முதல் மூன்று சுற்றுகளில் நாடு முழுவதும் 774 வழித்தடங்கள் கொடுக்கப்பட்டன. அவற்றில் 403 தொடங்கவே இல்லை! தொடங்கியவை 371. அவற்றில் 3 ஆண்டை முழுதாக முடித்தவை 112. உதவிப் பணம் நின்ற பிறகும் 2023 மார்ச் வரை தாங்கி நின்றவை 54.

774-ல் 54!

இதைப் பார்த்து, "திட்டமே வீண்" என்று நான் சொல்லவில்லை. நடைவண்டி பிடித்து நடக்கிற குழந்தைக்கு 3 வயதானதும் நடைவண்டியைப் பிடுங்கலாம். ஆனால் அதற்குள் கால் ஊன்றியிருக்கிறதா என்று யாராவது பார்க்க வேண்டும் அல்லவா? அப்படிப் பார்க்க ஆள் இல்லாததுதான் குறை.

ஒரு நாள் விமானம் வராவிட்டால்

சின்ன நிலையத்தின் பெரிய வியாதி ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

சென்னை மீனம்பாக்கத்தில் ஒரு விமானம் ரத்தானால் அடுத்த விமானம் இருக்கும். சேலத்தில் ஓர் ஊருக்கு ஒரு நாளைக்கு ஒரே விமானம்தான் என்றால், அது ரத்தானால் அடுத்தது மறுநாள். சில தடங்களில் வாரத்துக்கு நாலு நாள் மட்டும் என்றால், மறுநாள்கூட இல்லை!

இன்னொன்று. ஒரே விமானம் பல ஊர்களைச் சுற்றி வருகிறது. காலையில் ஓர் ஊரில் மழை. அங்கே முக்கால் மணி தாமதம். அடுத்த ஊரில் ஒன்றேகால் மணி. சேலத்துக்கு வரும்போது இரண்டு மணி நேரம். காமலாபுரத்தில் வானம் பளிச்சென்று இருக்கும். பிரயாணிகள் மேலே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். "மேகமே இல்லையே, ஏன் வரவில்லை?" என்று கேட்பார்கள். அந்த மழை 500 கிலோ மீட்டருக்கு அப்பால் பெய்தது என்று அவர்களுக்குச் சொல்ல ஆள் வேண்டும்.

ஐதராபாத்தில் வேலைக்கு நேர்முகத் தேர்வு என்று ஒரு பையன் டிக்கெட் வாங்குகிறான். நாமக்கல்லிலிருந்து அப்பாவும் அம்மாவும் வாடகைக் கார் பிடித்து வழியனுப்ப வருகிறார்கள். விமானம் ரத்து. டிக்கெட் பணம் திரும்பக் கிடைக்கும். தேர்வு திரும்பக் கிடைக்குமா? கார் வாடகையை யார் தருவார்கள்? அந்த வீட்டில் இனி யாராவது சேலத்தில் டிக்கெட் வாங்குவார்களா? கோயம்புத்தூருக்கோ பெங்களூருக்கோ போய் ஏறுவார்கள். அவர்கள் சொல்லைக் கேட்டுத் தெருவே அப்படிப் போகும்.

ஒரு ரத்தினால் அன்றைக்குப் போவது 70 டிக்கெட். ஊரில் போகும் நம்பிக்கைக்குக் கணக்கே இல்லை. கம்பெனிகள் இதை உணர்ந்ததாகத் தெரியவில்லை. விமானம் பழுதானால் முதலில் ரத்து செய்யப்படுவது சின்ன ஊர்ச் சேவைதான்.

எந்த ஊருக்கு விமானம் வேண்டும்?

ஊர்ப் பெரிய மனிதர்கள் கூடினால் துபாய், சிங்கப்பூர் என்று கேட்கிறார்கள். கேட்கட்டும், ஆசைக்குத் தீர்வை இல்லை. ஆனால் ஏ.டி.ஆர். துபாய் வரை போகாது. நடக்கிற காரியத்தைப் பார்ப்போம்.

சென்னை. இது பழைய தடம். ஆனால் இதற்கு இப்போது எதிரி வந்துவிட்டது. 2023 ஏப்ரல் முதல் சென்னை - கோவை வந்தே பாரத் ரயில் சேலத்தில் நிற்கிறது. ஏறக்குறைய 4 மணி நேரத்தில் சேலத்துக்கும் சென்னைக்கும் போய்விடலாம். விமானம் பறப்பது ஒரு மணி நேரம்தான். ஆனால் வீட்டிலிருந்து காமலாபுரம் போக வேண்டும். ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் நிற்க வேண்டும். சென்னையில் இறங்கி, பெட்டி வாங்கி, ஊருக்குள் போக வேண்டும். கூட்டிப் பார்த்தால் மூன்றரை மணி நேரம்! அரை மணி நேர லாபத்துக்கு யார் கூடுதல் பணம் கொடுப்பார்கள்?

ஆகவே சென்னை விமானம் நேரத்தால்தான் ஜெயிக்க வேண்டும். காலையில் ஏறி, பகலில் ஐகோர்ட்டிலோ கோட்டையிலோ வேலை முடித்து, இரவு வீட்டுக்கு வந்து சாப்பிடும்படி இருக்க வேண்டும். மத்தியானம் போய் மத்தியானம் வரும் விமானம் யாருக்கும் உதவாது. ஓட்டல் ரூமுக்குத்தான் உதவும்.

பெங்களூர். சாலையில் சுமார் 200 கிலோ மீட்டர். நாலு மணி நேரத்தில் கார் போகும். "இதற்கு விமானமா?" என்று சிரிக்கிறார்கள். அவசரப்பட்டுச் சிரிக்க வேண்டாம். பெங்களூர் விமான நிலையம் ஊருக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது. சேலத்திலிருந்து போகிறவர் ஓசூர் வழியாகத் தெற்கே நுழைகிறார். ஊர் முழுவதையும் கடந்து வடக்கே போக வேண்டும். அந்த நெரிசலில் சிக்கியவர்களைக் கேளுங்கள்! சேலத்தில் ஏறினால் நேரே தேவனஹள்ளியில் இறங்கலாம். அங்கிருந்து டில்லி, பம்பாய், வெளிநாடு எங்கே வேண்டுமானாலும் மாறலாம். ஆகவே இந்த விமானம் பெங்களூர் போகிறவர்களுக்காக அல்ல. பெங்களூரைத் தாண்டிப் போகிறவர்களுக்காக. மாறிச் செல்லும் விமானத்துக்கு ஏற்றபடி நேரம் வைத்தால் இது நிரம்பும். வைக்காவிட்டால் காலியாகத்தான் போகும்.

ஐதராபாத். என் கருத்தில் இதுதான் சேலத்தின் நல்ல தடம். ரயிலில் ஓர் இரவு முழுவதும் போகும். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கே நம் பிள்ளைகள் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறார்கள். வியாபாரமும் உண்டு. சாலையும் ரயிலும் இதோடு போட்டி போட முடியாது.

கொச்சிக்கும் ஆள் சேரும். ஆனால் மெள்ள மெள்ளத்தான் சேரும். பம்பாய்க்கு வெள்ளி வியாபாரிகளும் துணி வியாபாரிகளும் காத்திருக்கிறார்கள். ஏ.டி.ஆருக்கு அது நீண்ட தூரம். அது பின்னால் வரட்டும்.

முட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. "விமான நிலையம் வளர்ந்தால் நாமக்கல் முட்டை வெளிநாடு பறக்கும்" என்று மேடையில் பேசுகிறார்கள். முட்டை கப்பலில் போகிற சரக்கு. குளிர்பெட்டியில் அடுக்கி, துறைமுகம் போய், மலிவாகப் போகிறது. விமானத்தில் ஏற்றினால் முட்டை விலையைவிடக் கூலி அதிகமாகிவிடும். கைதட்டலுக்காகச் சொல்வதை நம்பி நிலம் கேட்கக் கூடாது.

நிலம் கேட்ட கதை

நிலம் என்றதும் உண்மையான வேதனைக்கு வந்துவிட்டோம்.

இப்போது நிலையத்துக்கு உள்ள இடம் 136 ஏக்கர். இன்னும் சுமார் 570 ஏக்கர் எடுத்து, ஓடுபாதையை 8,000 அடியாக நீட்ட வேண்டும் என்று திட்டம் வந்தது. காமலாபுரம், பொட்டியபுரம், சிக்கனம்பட்டி, தும்பிப்பாடி ஆகிய ஊர்களில் நிலம் பார்த்தார்கள். 2018-ல் விவசாயிகள் எதிர்த்துக் கிளம்பினார்கள். அதே ஆண்டில்தான் சென்னை எட்டு வழிச் சாலைக்கும் சேலம் மாவட்டத்தில் நிலம் அளந்தார்கள். ஜனங்கள் கொதித்துப் போனார்கள்.

பெரிய விமானம் வந்தால்தான் ஊர் வளரும் என்று வியாபாரிகள் சொல்கிறார்கள். 180 பேர் ஏறும் ஜெட் விமானம் நிறைந்த சுமையோடு கிளம்ப, நம் வெயிலில், 6,000 அடி போதாது. அது உண்மைதான். இன்னொன்றும் சொல்கிறார்கள். இன்று எடுக்காவிட்டால் நாளைக்கு அங்கே வீடுகள் வந்துவிடும்; விலையும் ஏறிவிடும் என்கிறார்கள். அதுவும் நியாயமான பேச்சுதான்.

ஆனால் நான் கேட்பது இது. 78 ஆசனத்தை 30 ஆண்டில் ஒரு தடவையாவது நிலையாக நிரப்பிக் காட்டினோமா? காட்டாமல் 180 ஆசனத்துக்கு இடம் கேட்பது எப்படிப் பொருந்தும்? கிணறு வெட்டி, தென்னை வைத்து, வீடு கட்டிக் குடியிருக்கும் நிலம் அது. அதைக் கொடுத்த பிறகு ஐந்தாவது கம்பெனியும் மூடிக்கொண்டு போனால், அந்தத் தென்னையை யார் திருப்பி நடுவார்கள்?

தூத்துக்குடியைப் பாருங்கள். வாகைகுளத்தில் ஓடுபாதை 1,351 மீட்டர்தான் இருந்தது. சேலத்தைவிடச் சின்னது! அங்கேயும் விமானம் நின்றது, வந்தது. 2006-ல் மறுபடி சேவை தொடங்கியது. கிங்பிஷர் முடங்கியபோது வேறு கம்பெனி அந்த இடத்தைப் பிடித்தது. சின்ன விமானத்திலேயே ஜனங்கள் ஏறி ஏறிப் பழகினார்கள். அதன் பிறகுதான் ஓடுபாதை 3,115 மீட்டர் ஆயிற்று. சுமார் 450 கோடி ரூபாயில் புதுக் கட்டிடம் வந்தது. 2025 ஜூலை 26-ந் தேதி பிரதமர் திறந்து வைத்தார். ஆள் முதலில், கட்டிடம் பிறகு. அங்கும் நிலம் எடுத்தார்கள் என்பதை மறக்கவில்லை. ஆனால் எதற்காக எடுக்கிறோம் என்று காட்ட, வரிசையில் நின்ற பிரயாணிகள் இருந்தார்கள்.

இப்போது செய்யக் கூடியவை

நிலம் எடுக்காமலே செய்யக் கூடியவை பல உண்டு.

பஸ் ஒன்று. விமானம் இறங்கும் நேரத்துக்குச் சேலம் புதிய பஸ் நிலையத்துக்கும் ஓமலூருக்கும் பஸ் விடலாம். நாமக்கல், தர்மபுரி பஸ்களோடு அதைப் பொருத்தலாம். ஒரு குடும்பம் விமானத்துக்குக் கொடுத்த பணத்தில் பாதியை வாடகைக் காருக்குக் கொடுக்கும்படி ஆகக் கூடாது.

உதவிப் பணம் கொடுக்கும்போது நேரத்தையும் நிபந்தனையாக வைக்க வேண்டும். "விமானம் விட்டாயா?" என்று மட்டும் கேட்டால் போதாது. "சொன்ன நேரத்துக்கு விட்டாயா? மாதத்தில் எத்தனை நாள் ரத்து செய்தாய்?" என்று கேட்க வேண்டும். அந்தக் கணக்கை மாதா மாதம் பத்திரிகையில் போட வேண்டும். 3 ஆண்டு முடிய ஆறு மாதம் இருக்கும்போதே, இருக்கிற கம்பெனி நிற்குமா, போகுமா என்று கேட்டு, போவதானால் வேறு கம்பெனியைக் கூப்பிட வேண்டும். விமானம் நின்ற பிறகு மனுக் கொடுப்பதில் என்ன பயன்?

ஓடுபாதைக்கு வேறு வேலையும் உண்டு. விமானம் ஓட்டப் பழக்கும் பள்ளிகளுக்காக 2022-ல் இடம் ஒதுக்கிய நிலையங்களில் சேலமும் ஒன்று. பெரிய விமானம் இல்லாத நேரத்தில் அந்தச் சின்ன விமானங்கள் பறக்கட்டும். ஓமலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளில் நாலு பேருக்காவது அங்கே படிக்கச் சர்க்கார் பண உதவி கொடுத்தால், நிலையம் நம்முடையது என்ற எண்ணம் அந்தக் கிராமங்களில் வரும்.

கடைசியாக, அந்த நாலு ஊர் விவசாயிகள். எடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு எழுந்த நிலத்தை யார் வாங்குவார்? அதன் மேல் யார் கடன் கொடுப்பார்? மகளுக்குக் கல்யாணம் என்றால் அரை ஏக்கர் விற்கக்கூட முடியாது. மாடி கட்டலாமா, போர் போடலாமா என்று தெரியாமல் ஒரு குடும்பம் எத்தனை ஆண்டு உட்கார்ந்திருக்கும்? இன்ன சர்வே எண் வேண்டும், இன்ன சர்வே எண் வேண்டாம். வேண்டும் என்றால் இன்ன ஆண்டுக்குள், இன்ன விலைக்கு. இவ்வளவையும் ஒரு காகிதத்தில் தெளிவான தமிழில் எழுதி, சிக்கனம்பட்டியிலும் பொட்டியபுரத்திலும் ஊர்ச் சாவடியில் ஒட்டுவதற்குக் கலெக்டர் ஆபீசுக்கு ஒரு மாதம் போதும்.